அலுமினியத்துக்குப் புடம் கிடையாது

குடித்து முடித்த குளிர்பான கேனை உருக்கி மறுபடியும் கேன் ஆக்குகிறார்கள் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். உருக்கினால் ஆயிற்று, அதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று அந்தத் தலையாட்டலுக்குப் பொருள். உலோகவியல் படித்தவள் என்பதால் இந்தப் பேச்சு என் காதில் அடிக்கடி விழும். ஒவ்வொரு முறையும் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். கேனின் கதையில் உருக்குவதுதான் இருப்பதிலேயே எளிய வேலை. இரும்பை உருக்க 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே இளகி ஓடிவிடும். சிரமமெல்லாம் உலைக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது. அதைப் பொறுமையாகச் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

காலி கேன் ஒன்று கிடைத்தால் வெட்டிப் பாருங்கள். சாதாரணக் கத்தரிக்கோலே போதும். வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும், அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நடு உடலிலிருந்து ஒரு துண்டை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தால் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் காட்டும். கழுத்துப் பக்கம் கொஞ்சம் தடிமன் கூடும். உள்ளே குழிந்திருக்கும் அடிப்பாகம் இரண்டரை மடங்கு தடிமன். உள்பக்கம் நகத்தால் சுரண்டினால் வழுக்கும். அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. அது இல்லாவிட்டால் பானத்தின் புளிப்பு அலுமினியத்தை அரித்துவிடும். இப்போது மூடியை வெட்ட முயலுங்கள். கத்தரிக்கோல் முரண்டு பிடிக்கும். உடல் துண்டு காகிதம் போல் மடங்கும், மூடித் துண்டு விறைப்பாக எதிர்த்து நிற்கும். மூடி தடிமனாக இருப்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. இரண்டும் வேறு வேறு உலோகக் கலவைகள்.

உடலுக்குப் பயன்படுவது 3004 அல்லது 3104 என்ற எண்ணால் அழைக்கப்படும் கலவை. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் மாங்கனீஸ், இன்னொரு பங்கு அளவில் மக்னீசியம். மூடிக்கு 5182: அதில் மக்னீசியம் 4 முதல் 5 பங்கு, மாங்கனீஸ் அரைப் பங்குக்கு மேல் போகக் கூடாது. உடல் தகடு, கிழியாமல் இழுபட்டு நீண்டு மெலிய வேண்டும். மூடியின் வேலை வேறு. உள்ளிருந்து ஆறு வளிமண்டலம் வரை அழுத்தம் வந்தாலும் தட்டையாக நின்று தாங்க வேண்டும். ஆனால் ஒரு விரல் வளையத்தைத் தூக்கியதும் கீறலிட்ட கோட்டில் மட்டும் சரியாகக் கிழிய வேண்டும். இந்த இரண்டு குணத்தையும் ஒரே கலவையில் எதிர்பார்ப்பது கஷ்டம். அதனால்தான் கேன் பிறக்கும்போதே இரண்டு உலோகமாகப் பிறக்கிறது.

இப்போது அப்படியே உருக்கினால் என்ன ஆகும்? ஒரு கேனின் எடை சுமார் 13 கிராம். உடல் 10 கிராம், மூடியும் வளையமும் 3 கிராம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், உருகிய கலவையில் மக்னீசியம் 1.8 பங்கு வாக்கில் வரும். மாங்கனீஸ் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கூட. உடலுக்கு மக்னீசியம் அதிகம், மூடிக்குப் போதாது. மாங்கனீஸோ உடலுக்குக் கொஞ்சம் குறைவு, மூடிக்கு மிகவும் கூடுதல். எதற்கும் ஆகாத நடுவாந்திரக் கலவை. இதை உடல் பக்கம் கொண்டுபோகலாம்: உலையில் மக்னீசியத்தில் ஒரு பகுதி தானாகவே எரிந்துவிடும், மிச்சத்துக்குக் கொஞ்சம் புது அலுமினியம் கலந்து நீர்க்கச் செய்து, மாங்கனீஸ் சேர்த்துவிட்டால் போதும். மூடி பக்கம் கொண்டுபோக முடியாது. மக்னீசியத்தைச் சேர்க்கலாம்; கூடிப்போன மாங்கனீஸை எடுக்க வழியில்லை. ஆக, பழைய கேனின் மூடியும் உடலும் சேர்ந்து புதுக் கேனின் உடலாக மறுபிறவி எடுக்கின்றன. மூடிக்குப் பெரும்பாலும் வேறு உலோகம் வர வேண்டியிருக்கிறது.

ஏன் எடுக்க முடியாது? இந்தக் கட்டுரையை எழுத வைத்த கேள்வியே இதுதான்.

நெருப்பு சுத்தப்படுத்தும் என்று நம் மொழி ஆழமாக நம்புகிறது. புடம் போட்ட பொன் என்கிறோம். பொன்னைப் பொறுத்தவரை அது உண்மை. பொன்னுக்கு ஆக்சிஜனோடு ஒட்டோ உறவோ கிடையாது. கூடச் சேர்ந்திருக்கும் ஈயமும் செம்பும் நெருப்பில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு கழன்றுவிடும், பொன் அப்படியே நிற்கும். இரும்பிலும் ஏறத்தாழ இதே கதைதான். 1856இல் ஹென்றி பெஸ்ஸமர் உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றை ஊதியபோது கார்பனும் சிலிக்கானும் இரும்பை முந்திக்கொண்டு எரிந்தன, எஃகு மிஞ்சியது. அலுமினியத்தில் எல்லாம் தலைகீழ். ஆக்சிஜனைக் கண்டதும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வது அலுமினியமே. அதை முந்தக்கூடியவை மக்னீசியம், கால்சியம், லித்தியம் போன்ற சில தனிமங்கள் மட்டும். இரும்பு, சிலிக்கான், செம்பு, மாங்கனீஸ், துத்தநாகம் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்பவை. உருகிய அலுமினியத்துக்குள் காற்றை ஊதினால் எரிந்துபோவது அலுமினியம், தங்கிவிடுவது அழுக்கு. மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்கும் மின்னாற்பகுப்பில் இன்னொரு முறை சுத்திகரிக்கும் வழி இருக்கத்தான் செய்கிறது. அதற்குப் புது அலுமினியம் எடுக்க ஆகும் அளவுக்கு மின்சாரம் செலவாகும். பழையதை உருக்குவதன் பயனே அதில் போய்விடும்.

எனவே அலுமினிய உலைக்குள் ஒருமுறை போனது போனதுதான். ஒரு இரும்பு ஆணி, ஒரு செம்புக் கம்பி, சிலிக்கான் கலந்த ஒரு வார்ப்புத் துண்டு எதுவானாலும் அடுத்த பிறவியிலும் அதற்கடுத்த பிறவியிலும் கூடவே வரும். பல தரப்பட்ட அலுமினியக் கழிவை ஒன்றாகக் கொட்டி உருக்கினால் அது திரும்பக் கேன் ஆகாது. சிலிக்கான் 8, 9 பங்கும் செம்பு 3 பங்கும் வரை தாங்கக்கூடிய வார்ப்புக் கலவையாகி, எஞ்சின் உறைகளுக்கும் கியர்பெட்டிகளுக்கும் போகும். அதுவும் நல்ல பயன்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஒருவழிப் பாதை. எஞ்சினே இல்லாத மின்சாரக் கார்கள் பெருகப் பெருக, அந்தப் பாதையின் முடிவில் இருக்கும் தொட்டியும் சுருங்கிக்கொண்டு வரும். கேனைக் கேனோடு மட்டும் சேர்த்து வைத்தால் அதன் கலவை என்ன என்பது கிராம் கணக்கில் தெரிந்திருக்கிறது. கேன் கழிவுக்கு மதிப்பு வருவதே அதன் பூர்வீகம் தெரிந்திருப்பதால்தான்.

ஆக்சிஜன் மீதான இந்த மோகம் இன்னொன்றையும் விளக்குகிறது. பூமியின் மேலோட்டில் வேறு எந்த உலோகத்தையும்விட அலுமினியம் அதிகம். இருந்தும் 19ஆம் நூற்றாண்டு வரை மனிதர் அதை உலோகமாகக் கண்டதில்லை, ஏனென்றால் ஆக்சிஜனிடமிருந்து அதைப் பிரிக்க கரியின் வெப்பத்துக்குத் திராணியில்லை. 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் வைத்த சிறு அலுமினியப் பிரமிடு, அன்றைக்கு அது எவ்வளவு அபூர்வமான உலோகம் என்பதற்குச் சாட்சி. அதற்கு இரண்டே ஆண்டில், 1886இல், அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் ஹெரூல்ட்டும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள்: கிரையோலைட் என்ற தாதுவை உருக்கி, அதில் அலுமினாவை, அதாவது ஆக்சிஜனோடு சேர்ந்த அலுமினியத்தை, கரைத்து மின்சாரம் பாய்ச்சுவது. இருவரும் பிறந்தது 1863இல், இறந்தது 1914இல். இன்றும் உலகின் புது அலுமினியம் முழுக்க அந்த முறையில்தான் வருகிறது. ஒரு கிலோவுக்கு 13 முதல் 15 யூனிட் வரை மின்சாரம் குடிக்கும்.

பழைய கேனை உருக்கிப் பயன்படுத்தினால் ஏறக்குறைய 95 சதவீத ஆற்றல் மிச்சம் என்று சொல்வதன் அடிப்படை இதுதான். ஆக்சிஜனைப் பிரிக்கும் பெருஞ்செலவை முதல் பிறவியிலேயே கொடுத்துத் தீர்த்தாகிவிட்டது; அடுத்த பிறவிகளுக்கு உருக்கும் சூடு போதும். ஒரு கேனுக்கு என்று பார்த்தால், 13 கிராமுக்கு மின்னாற்பகுப்பு மின்சாரம் மட்டும் 0.18 யூனிட். 9 வாட் எல்இடி விளக்கு 20 மணி நேரம் எரிய அது போதும். குப்பையில் கிடக்கும் ஒவ்வொரு கேனையும் எனக்கு அந்த 20 மணி நேரமாகத்தான் பார்க்கத் தோன்றுகிறது.

இதில் மின்சாரத்தை மட்டும் கணக்கெடுத்தால் போதாது. ஒரு டன் அலுமினியத்துக்கு இரண்டு டன் அலுமினா வேண்டும், அதற்கு நான்கைந்து டன் பாக்சைட் தாதுவைத் தோண்ட வேண்டும். அலுமினா பிரித்த பிறகு மிஞ்சும் சிவப்புச் சேறு கடும் காரத்தன்மை கொண்டது. கொட்டிவைக்கப் பெரிய அணைகள் வேண்டும். 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் அய்கா நகரருகே அப்படி ஒரு அணை உடைந்து, சேறு ஊர்களுக்குள் புகுந்து பத்துப் பேர் இறந்தார்கள். திரும்பி வரும் கேன் அந்த அணைக்கு ஒரு கரண்டிச் சேற்றைக் குறைக்கிறது.

அலுமினிய கேனும் அதைத் திரும்ப வாங்கும் பழக்கமும் ஒன்றாகவே பிறந்தவை. 1959இல் அமெரிக்காவின் கொலராடோவில் கூர்ஸ் பீர் நிறுவனம் முழுக்க அலுமினியத்தால் ஆன கேனைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதே, காலி கேன் ஒன்றுக்கு ஒரு சென்ட் தருவதாக அறிவித்தது. பூமியைக் காக்கும் பேச்சு பரவலாவதற்கு முந்தைய காலம் அது. விலை உயர்ந்த உலோகத்தை வீதியில் விட்டுவைக்க மனம் வராத சிக்கனம் அதற்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது கேனின் பயணத்துக்கு வருவோம். தரம் பிரிக்கும் நிலையத்தில் கலந்த குப்பை ஒரு பட்டையில் ஓடிவரும். காந்தம் இரும்பு டப்பாக்களை இழுத்துக்கொள்ளும். அலுமினியத்தைக் காந்தம் தொடாது. அதற்கு வேறு தந்திரம்: பட்டையின் முனையில் உருளைக்குள் காந்தங்கள் படுவேகமாகச் சுழலும். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் கேனுக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்க, கேன் தானே ஒரு தற்காலிகக் காந்தமாகி எதிர்த்துத் துள்ளும். காகிதமும் பிளாஸ்டிக்கும் முனையில் பொத்தென்று விழ, கேன் மட்டும் எம்பிக் குதித்துத் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழும். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. முழுக்கத் தட்டையாக நசுக்கிய கேன்களைச் சில நிலையங்களில் இயந்திரம் காகித வரிசையில் தள்ளிவிடுவதுண்டு. பிய்த்துப் போட்ட வளையம் சல்லடை ஓட்டையில் விழுந்து காணாமலே போகும். அதனால் வளையத்தைக் கேனோடு விட்டுவிடுங்கள். வளையத்தை மட்டும் தனியே சேர்த்தால் விசேஷ மதிப்பு என்ற பேச்சு வெகுநாளாக உலவுகிறது; அது உடலைவிட அரிய உலோகம் எதுவும் இல்லை.

பிரித்த கேன்களை அழுத்திப் பொதியாகக் கட்டுவார்கள். உருக்காலைக்காரர்கள் பொதியில் முதலில் பார்ப்பது ஈரத்தை. நசுங்கிய கேனுக்குள் சிக்கிய தண்ணீர் உருகிய உலோகத்துக்குக் கீழே போய்விட்டால் நொடியில் நீராவியாகி வெடிக்கும். உலோகக் குழம்பு கூரை வரை தெறிக்கும். உயிரே போகும் ஆபத்து. மிச்சப் பானத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம். சிகரெட் துண்டு, உறிஞ்சுகுழல் எதையும் உள்ளே திணிக்காதீர்கள்.

ஆலையில் பொதியை உடைத்து, கேன்களை உள்ளங்கை அளவுச் சில்லுகளாகக் கிழிப்பார்கள். மறுபடி ஒரு காந்தம், ஏமாற்றி வந்த இரும்பைப் பிடிக்க. அடுத்தது பூச்சு நீக்கும் உலை. சில்லுகள் 500 டிகிரிக்கு மேல், ஆக்சிஜன் குறைந்த சூட்டில் சுழலும். வெளிப்புற மையும் உள்பூச்சும் ஆவியாகப் பிரியும். அந்த ஆவியைத் தனி அறையில் எரித்து, அந்தச் சூட்டையே திரும்ப உலைக்குக் கொடுப்பார்கள். உள்ளே போகும்போது வண்ண வண்ணமாக இருந்த சில்லுகள் வெளியே வரும்போது மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும்.

இந்த இடத்தில் மூடியையும் உடலையும் பிரிக்க ஒரு அழகான வித்தை இருக்கிறது. மூடிக் கலவை 580 டிகிரி வாக்கில் உருகத் தொடங்கும், உடல் கலவை 630 வாக்கில். இரண்டுக்கும் இடையில் சூட்டை நிறுத்திச் சில்லுகளை உருட்டினால் மூடித் துண்டுகள் மட்டும் மணிமணியாக உதிரும், சலித்தெடுத்துவிடலாம். இதைக் கையாண்ட ஆலைகள் உண்டு. ஆனால் டன் கணக்கில் சில்லு ஓடும் உலையில் சூட்டை அந்தக் குறுகிய இடைவெளிக்குள் பிடித்து வைப்பது லேசான காரியமில்லை. அதனால் பலர் ஒன்றாகவே உருக்கிக் கணக்கைப் பிறகு சரிசெய்கிறார்கள்.

உருக்குவதில் எதிரி, மேற்பரப்பு. மெல்லிய தகட்டுக்கு எடையைவிடப் பரப்பு பல மடங்கு. பரப்பெங்கும் ஆக்சைடு தோல். சில்லுகளை அப்படியே தீயில் போட்டால் பாதி வழியில் எரிந்து கசடாகிவிடும். அதனால் உலையின் பக்கவாட்டுக் கிணற்றில் ஏற்கெனவே உருகிய உலோகத்தைச் சுழலவிட்டு, அந்தச் சுழிக்குள் சில்லுகளைக் கொட்டுவார்கள். தீ நேரே படாமல், உலோகக் குழம்பே அவற்றை உள்ளிழுத்து உருக்கும். அப்படியும் மேலே கசடு மிதக்கத்தான் செய்யும். நீண்ட வழிப்பானால் அதை வழித்தெடுப்பார்கள். அதற்குள்ளும் நிறைய அலுமினியம் சிக்கியிருப்பதால் கசடை வேறு உலையில் உப்போடு சேர்த்துப் பிழிந்து மீட்பார்கள்.

ஒரு உருக்காலையில் நின்று நான் பார்த்ததில் மனதில் ஆழமாகப் பதிந்தது உலையின் செந்நிறம் இல்லை. மாதிரி எடுக்கும் கணம். ஒருவர் நீண்ட கைப்பிடிக் கரண்டியை உலையில் தோய்த்து, ஒரு வாய் உலோகத்தை எடுத்துச் சிறு அச்சில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அது பிஸ்கட் அளவு வட்டாகக் கெட்டியானது. இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் முக்கி, ஒரு பக்கத்தைக் கடைந்து பளபளப்பாக்கி, நிறமாலைமானியின் மேடையில் கவிழ்த்து வைத்தார். உள்ளே பொறி பறந்தது. பொறியின் ஒளியில் ஒவ்வொரு தனிமமும் தன் நிறக் கோட்டைக் காட்டும். அடுத்த நிமிடம் திரையில் சிலிக்கான், இரும்பு, செம்பு, மாங்கனீஸ், மக்னீசியம் என்று வரிசையாக எண்கள். அவர் முதலில் பார்த்தது இரும்பை. எல்லைக்குள் இருந்தது. தாண்டியிருந்தால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: தூய உலோகத்தைக் கொட்டி நீர்க்கச் செய்வது. யாரோ எங்கோ பொதிக்குள் விட்ட ஆணிக்கு இங்கே புது அலுமினியத்தால் ஈடு கட்ட வேண்டும்.

பிறகு வாயு நீக்கம். உருகிய அலுமினியத்தில் கணிசமாகக் கரையும் ஒரே வாயு ஹைட்ரஜன். உறையும்போது அது வெளியேற முயன்று நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும். ஆர்கானைக் குமிழ்களாகச் செலுத்தி அதை வெளியேற்றி, நுரைபோன்ற பீங்கான் வடிகட்டி வழியே உலோகத்தை ஓட்டி, பக்கங்களில் தண்ணீர் பீச்சிக் குளிர்விக்கும் அச்சில் பாளமாக வார்ப்பார்கள். ஒரு பாளம் 20 டன்னையும் தாண்டும். மேல்தோலைச் சீவி, 500 டிகிரிக்குச் சூடேற்றி, உருளைகளுக்கு இடையே முன்னும் பின்னுமாக நசுக்கிச் சில மில்லிமீட்டர் தகடாக்கி, பிறகு சூடில்லாமல் உருட்டிக் கால் மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவார்கள். 10 டன் சுருளை விரித்தால் எட்டு கிலோமீட்டருக்குக் குறையாது. ஜெர்மனியின் நாக்டர்ஷ்டெட் ஊரில் நொவெலிஸ் நிறுவனம் 2014இல் திறந்த ஆலை ஆண்டுக்கு 4 லட்சம் டன் பாளம் வார்க்கும் திறன் கொண்டது. 2007 முதல் அந்த நிறுவனம் நம் ஹிண்டால்கோவுக்குச் சொந்தம்.

கேன் தொழிற்சாலையில் அந்தத் தகட்டிலிருந்து வட்டங்கள் வெட்டி, ஆழமில்லாத கிண்ணமாக அழுத்தி, அதை ஒரு தண்டு வளையங்களுக்குள் ஒரே மூச்சில் தள்ளும். சுவர் மெலிந்து நீளும், அடி மட்டும் பழைய தடிமனில் நிற்கும். இந்த மெலிவை நினைத்துப் பார்த்தால் முன்பு சொன்ன கண்டிப்பெல்லாம் விளங்கும். சுவரே 0.1 மில்லிமீட்டர். அதில் அரைவாசிக்கு ஒரு ஆக்சைடுத் துகள் உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் கேன் கிழியும், இல்லாவிட்டால் ஊசித்துளை விழும். அதனால்தான் ஒவ்வொரு கேனையும் ஒளி பாய்ச்சிச் சோதிக்கிறார்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் ஓடும் வரிசையில் ஒரு கிழிசல் முழு வரிசையையும் நிறுத்திவிடும். பழைய கேனிலிருந்து வந்த உலோகம் என்று யாரும் சலுகை தருவதில்லை.

வட்டம் வெட்டினால் மிச்சம் விழும். எவ்வளவு நெருக்கி வெட்டினாலும் தகட்டில் நூற்றுக்கு 9 பங்குக்கு மேல் வட்டங்களுக்கு இடையே வீணாகும். அது வடிவியல், எந்தப் பொறியாளராலும் மாற்ற முடியாது. அந்தச் சல்லடைத் தகடு, கேனின் விளிம்பிலிருந்து கத்தரித்த துண்டுகள் எல்லாம் நேராக உருட்டாலைக்குத் திரும்பிப் போகும். கலவை தெரிந்த, மை படாத, சுத்தமான கழிவு. இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ‘இந்த கேனில் இத்தனை சதவீதம் மறுசுழற்சி உலோகம்’ என்று அச்சிடும்போது இந்தத் தொழிற்சாலைத் துண்டுகளையும் அதில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அவை யார் கைக்கும் போகாதவை, யாரும் குடித்துவிட்டுத் திருப்பித் தராதவை. அவற்றையும் குடித்து முடித்துத் திரும்பிய கேனையும் ஒரே எண்ணில் கலப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

‘முடிவில்லாமல் மறுசுழற்சி செய்யலாம்’ என்ற விளம்பர வாசகத்தையும் இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். அணுவுக்கு வயதாவதில்லை, அது மெய். ஆனால் வட்டத்தில் எவ்வளவு கசிகிறது? வீசிய கேன் மறுபடி கடை அலமாரிக்கு வர 60 நாள் போதும் என்று தொழிலில் சொல்வார்கள். நூறு கேனில் 70 திரும்புகிறது, உருக்குவதில் இன்னும் மூன்று போகிறது, சுற்றுக்கு 67 மிஞ்சுகிறது என்று வையுங்கள். ஐந்து சுற்றில், அதாவது ஒரு வருடத்துக்குள், முதல் நூறு கேனின் உலோகத்தில் 13 கேனுக்கானதுதான் வட்டத்தில் இருக்கும். மற்றது புதைகுழியில். நூற்றில் 97 திரும்பி, அதில் நாலு உலையில் போனால், அதே ஐந்து சுற்றுக்குப் பிறகு ஏறக்குறைய 70 மிஞ்சும். உலையை எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் இந்த வித்தியாசத்தை உலையால் கொண்டுவர முடியாது. கேன் வாசலுக்கு வந்தால்தான் உலைக்கு வேலை.

97 என்று நான் கற்பனையாகச் சொல்லவில்லை. பிரேசில் பல ஆண்டுகளாக 95 சதவீதத்துக்கு மேல் கேன்களைத் திரும்பப் பெறுகிறது. அங்கே கேன் வாங்கும்போது முன்பணம் கட்டி, காலி கேனைக் கொடுத்து அதைத் திரும்ப வாங்கும் சட்டம் கிடையாது. இருப்பது கட்டடோரஸ் என்று அழைக்கப்படும் லட்சக்கணக்கான சேகரிப்பாளர்கள். வெயிலிலும் மழையிலும் தெருத்தெருவாகப் பொறுக்கும் அந்தக் கைகள்தான் உலகின் மிகச் சிறந்த கேன் வட்டத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. 2010இல் வந்த திடக்கழிவுச் சட்டம் அவர்கள் பங்கை வெளிப்படையாக அங்கீகரித்தது. அவர்களுக்குக் கிடைக்கும் கூலி அந்தப் பெருமைக்கு ஈடாக உயர வேண்டும் என்பது என் ஆசை. வறுமையை நம்பி ஓடும் மறுசுழற்சியைப் புகழ எனக்கு நா எழவில்லை. சுவீடன் 1984இலும் நார்வே 1999இலும் கேனுக்கு முன்பணம் வாங்கும் முறையைத் தொடங்கின. ஜெர்மனியில் 2003 முதல் ஒரு கேனுக்கு 25 சென்ட். கடை வாசலில் இயந்திரத்தில் போட்டதும் சீட்டு வரும். அப்படி வரும் கேன் வேறு குப்பையில் புரளாமல், கலவை கெடாமல் வருகிறது. எண்ணிக்கைக்காக மட்டுமல்லாமல் இந்தத் தூய்மைக்காகவும் முன்பண முறையே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலான மாநிலங்களில் அது இல்லாத அமெரிக்காவில், அண்மை ஆண்டுகளில் விற்ற கேன்களில் பாதிகூடத் திரும்பி வருவதில்லை.

மூடிக்கும் உடலுக்கும் ஒரே கலவை போதும் என்ற யோசனை பல பத்தாண்டுகளாகப் பேசப்படுகிறது. அப்படிச் செய்தால் பழைய கேன் முழுசாகப் புதுக் கேன் ஆகும். தடையாக இருப்பது எடை. வலு குறைந்த கலவையில் மூடி செய்தால் தடிமனைக் கூட்ட வேண்டும், கோடிக்கணக்கான மூடிக்கு அது பல ஆயிரம் டன். அந்தக் கணக்கு ஒருநாள் நேராகலாம். ஆனால் இன்றைக்கே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. கேனின் மேல் நேரடியாக அச்சிடாமல் பிளாஸ்டிக் உறையைச் சுருக்கி மாட்டும் வழக்கம், சிறிய அளவில் நிரப்பும் நிறுவனங்களிடையே பரவி வருகிறது. பூச்சு நீக்கும் உலை மெல்லிய மைக்காகக் கட்டப்பட்டது. பிளாஸ்டிக் உறை அதில் கூடுதல் புகையும் கூடுதல் சூடும் கூடுதல் கசடும் ஆகிறது. அந்த உறையை நிறுத்த வேண்டும். மறுசுழற்சி சதவீதத்தை இரண்டாகப் பிரித்து, திரும்பி வந்த கேன் இவ்வளவு, தொழிற்சாலைத் துண்டு இவ்வளவு என்று தனித்தனியே அச்சிட வேண்டும். கேனின் மேல் அதற்கு இரண்டு வரி இடம் தாராளமாக இருக்கிறது.